வகுப்பறையில் ஒற்று மிகுமா?

கேள்வி: அமெரிக்காவில், டெக்சஸ் மாநிலத்தில் வசிக்கிறேன். என் மகன் அரசுப் பள்ளியில் சிறப்பு கல்வி வகுப்பில் படிக்கிறான். பேச்சு வராது. இப்படிப்பட்ட சிறப்பு குழந்தைகளைப் பள்ளியில் அடிக்கிறார்கள், தனி அறையில் அடைக்கிறார்கள் என்று செய்தி படித்தால் அன்றைக்குத் தூக்கம் போய்விடுகிறது. வகுப்பில் கேமரா வைக்கச் சொல்லிக் கேட்கலாம் என்கிறார்கள். கேமரா வந்துவிட்டால் நிம்மதியாக இருக்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கேள்வியை வந்தபடியே அச்சிடச் சொல்லியிருக்கிறேன். 'சிறப்பு கல்வி', 'சிறப்பு குழந்தைகள்' என்று இரண்டு இடத்திலும் ஒற்று இல்லை. சிறப்புக் கல்வி, சிறப்புக் குழந்தைகள் என்று வரவேண்டும். வன்தொடர்க் குற்றியலுகரத்துக்குப் பின்னால் வல்லினம் மிகும். பிள்ளையை நினைத்துத் தூக்கம் கெட்டவளிடம் இந்த ஆள் இலக்கணம் பேசுகிறானே என்று உங்களுக்குக் கோபம் வரும். கொஞ்சம் பொறுங்கள் அம்மா, விஷயத்துக்குத்தான் வருகிறேன்.

என் ஒற்றுப் பைத்தியம் இந்தப் பக்கத்தின் பழைய வாசகர்களுக்குத் தெரியும். எங்கள் அலுவலகத்தில் பிழை திருத்தும் நண்பர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு ஒற்றைக் கண்டால் ஆகாது. 'இடத்தை அடைக்கிறது சார், எடுத்தால் என்ன குடி முழுகிவிடும்' என்பார். நான் போட்டு அனுப்புவேன், அவர் எடுத்து அனுப்புவார். பதினோரு வருடமாக நடக்கிற யுத்தம் இது. ஒருமுறை, தொலைந்த வேலாயுதத்தைப் பற்றிய சிறுவர் கதையில் 'முருகன் வேலைத் தேடினான்' என்று ஒரு வரி. நண்பர் 'த்'தைக் கழற்றிவிட்டார். இதழ் வெளிவந்தபோது முருகன் வேலை தேடிக்கொண்டிருந்தான். வாசகர் ஒருவர் எழுத்தர் பணிக்கான விளம்பரத்தைக் கத்தரித்து, 'முருகனுக்குச் சேர்ப்பிக்கவும்' என்று எழுதி அனுப்பினார். நண்பரிடம் காட்டினேன். 'பார்த்தீர்களா, யாரோ ஒருவர்தானே கவனித்திருக்கிறார்' என்றார்.

அந்தப் பதிலை நான் மறக்கவில்லை. உயிரெழுத்தில் கை வைத்தால் சொல்லே சாகும், ஊருக்கே தெரிந்துவிடும். ஒற்று அரை மாத்திரைப் பிறவி. தனியாக நின்று ஒலிக்க அதனால் ஆகாது. எடுத்தவர் பெயரையும் சொல்லாது. அதனால்தான் எடுக்கிறார்கள்.

உங்கள் மகனைப் போன்ற பிள்ளைகள் மீது கை ஓங்குகிறவர்களும் போடுவது இதே கணக்குத்தான்.

ஒற்று என்றால் வேவு என்றும் பொருள். ஒற்றன் என்ற சொல் அங்கிருந்துதான் வருகிறது. ஆக, நீங்கள் கேட்டிருப்பது வகுப்பறையில் ஒற்று மிகுமா என்பதுதான். மிகும், எழுத்து மூலம் கேளுங்கள். அமெரிக்க மாநிலங்களிலேயே இதற்கு முதலில் சட்டம் போட்டது உங்கள் டெக்சஸ்தான். 2015-இல் இயற்றி, 2016-17 கல்வியாண்டிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வகுப்பில் படிக்கும் பிள்ளையின் பெற்றோர் கேட்டால் கேமரா வைத்தாக வேண்டும். படத்தோடு ஒலியும் பதிவாக வேண்டும்.

ஆனால் அதே சட்டம், அந்தப் பதிவை யாரும் வழக்கமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஆசிரியரின் வேலையை எடைபோடவும் அதைப் பயன்படுத்தக் கூடாது. ஆசிரியர்களுக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் மானம் இருக்கிறது, ஆகவே அது நியாயம்தான். என்ன ஆகிறதென்றால், ஏதோ நடந்தது என்று ஒருவர் புகார் சொன்ன பிறகுதான் பதிவை எடுத்துப் பார்ப்பார்கள். யார் சொல்வது? பேச்சு வராத பிள்ளையா? போதாக்குறைக்கு, பெரும்பாலும் சிறப்புக் கல்வி மாணவர்கள் மட்டுமே இருக்கும் தனி வகுப்புகளுக்குத்தான் இந்தக் கேமரா. கழிப்பறைக்குள் கிடையாது. பள்ளிப் பேருந்துக்கும் நடைவழிக்கும் இந்தச் சட்டத்தில் இடமில்லை. ஒற்றன் சொன்னதை இன்னோர் ஒற்றனை விட்டுச் சரிபார் என்றார்கள் பழைய அரசநீதிக்காரர்கள். இங்கே ஒற்றன் ஒருவன்தான், அவனும் கேட்டால்தான் வாய் திறப்பான்.

அடுத்து, அந்தத் தனி அறை. அதை அங்கே 'அமைதி அறை' என்பார்கள். சில பள்ளிகளில் 'சிந்தனை அறை'. எனக்கு உடம்பெல்லாம் எரிகிற விஷயம் இது. நஷ்டத்தை 'எதிர்மறை வளர்ச்சி' என்று எழுதிய பொருளாதாரக் கட்டுரை ஒன்றைத் திருப்பி அனுப்பியவன் நான். எழுதிய பேராசிரியர் இன்றும் என்னோடு பேசுவதில்லை. பூட்டுகிற அறைக்குப் பூட்டுகிற அறை என்று பெயர் வையுங்கள், பாதிப் பேர் பூட்டத் தயங்குவார்கள்.

2019 நவம்பரில் சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழும் புரோபப்ளிகா என்ற புலனாய்வுச் செய்தி நிறுவனமும் சேர்ந்து இல்லினாய் மாநிலத்தின் அமைதி அறைகளைப் பற்றி எழுதின. ஏறக்குறைய ஒன்றரைக் கல்வியாண்டுக்குள் 20,000-க்கும் மேற்பட்ட முறை பிள்ளைகள் அடைக்கப்பட்டிருந்தார்கள். என்னை உலுக்கியது எண்ணிக்கை அல்ல, அது எங்கிருந்து கிடைத்தது என்பதுதான். பள்ளி ஊழியர்களே எழுதி வைத்த குறிப்பேடுகளிலிருந்து. கதவுக்கு வெளியே ஒருவர் பேனாவோடு உட்கார்ந்து, உள்ளே பிள்ளை என்ன செய்கிறது, என்ன சொல்லி அழுகிறது என்று நிமிடக் கணக்கில் குறித்திருக்கிறார். கதவைத் திறக்கச் சொல்லிப் பிள்ளை கெஞ்சியதும் அதில் இருக்கிறது. எழுதிய கை எழுந்து கதவைத் திறக்கவில்லை. உங்கள் கேமராவும் அந்தப் பேனா மாதிரி ஒன்றுதான் அம்மா. செய்தி வந்த மறுநாளே மாநிலக் கல்வி வாரியம் அவசர உத்தரவு போட்டுத் தனியறை அடைப்பை நிறுத்தியது. மறுநாள் முடிந்தது முந்தைய ஆண்டு ஏன் முடியவில்லை என்று கேட்காதீர்கள்.

நாடு முழுதும் எடுத்தால், 2017-18-இல் மாணவர்களில் சிறப்புக் கல்வி பெறுபவர்கள் 13 சதவீதம். உடலை அமுக்கிப் பிடித்துக் கட்டுப்படுத்தப்பட்ட மாணவர்களிலோ அவர்கள் 80 சதவீதம். இது பள்ளிகளே சொன்ன கணக்கு. அந்தக் கணக்கின் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். 2015-16-க்கான கேள்விப் படிவத்தில் 70 சதவீதப் பள்ளி மாவட்டங்கள் 'பூஜ்யம்' என்று நிரப்பியிருந்தன. நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பே அதை நம்பவில்லை. பூஜ்யம் எழுதுகிறவரை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் விற்பனைப் பிரிவில் திரும்பி வந்த பிரதிகள் எத்தனை என்று கேட்டுப் பாருங்கள்.

1975-இல் அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு கையெழுத்துப் போட்ட சட்டம் வரும் வரை, பத்து லட்சத்துக்கும் அதிகமான ஊனமுற்ற பிள்ளைகளுக்கு அங்கே அரசுப் பள்ளியே கிடையாது. சட்டம் கதவைத் திறந்தது. நாட்டில் ஒரு மாணவருக்குச் சராசரியாக ஆகும் செலவில் 40 சதவீதம் வரை, இப்படிப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் மத்திய அரசு தருவதாகவும் சொன்னது. இன்று வரை ஓர் ஆண்டிலும் அது முழுதாக வந்ததில்லை. பணம் வராத இடத்தில் யார் வருகிறார்? சொற்பச் சம்பளத்துக்கு ஓர் உதவியாளர். எட்டுப் பிள்ளைகளோடு, பயிற்சி இல்லாமல், பக்கத்தில் இன்னொரு பெரியவர் இல்லாமல். தலையை மோதிக்கொள்ளும் பிள்ளையை எப்படித் தணிப்பது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவர் கை ஓங்கினால் மன்னிக்கச் சொல்லவில்லை. அவரை அங்கே தனியாக விட்டவருக்கும் சேர்த்து நோட்டீஸ் போகவேண்டும் என்கிறேன்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. மகனுக்கான தனிக் கல்வித் திட்டக் கூட்டத்தில் நீங்கள் விருந்தாளி அல்ல, சட்டப்படி உறுப்பினர். அவன் படப் பலகையிலோ பேசும் கருவியிலோ சொல்கிறவனாக இருந்தால், கூட்டத்துக்குப் போகும்முன் அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பாருங்கள். தண்ணீர் இருக்கும், பந்து இருக்கும், 'இன்னும் வேண்டும்' இருக்கும், 'முடிந்தது' இருக்கும். பெரியவர்களுக்கு வசதியான சொற்கள் எல்லாம் இருக்கும். 'வலிக்கிறது' இருக்கிறதா? 'அடித்தார்', 'பயமாக இருக்கிறது', 'பூட்டினார்'? உடம்பின் எல்லா உறுப்புக்கும் படம் இருக்கிறதா? அவனோடு பழகும் ஒவ்வொருவரின் முகமும்? இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள், வீட்டில் விளையாட்டாகச் சொல்லிப் பழக்குங்கள். தண்டனையாக அந்தக் கருவியை ஒரு நிமிடமும் பிடுங்கி வைக்கக் கூடாது என்று திட்டத்திலேயே எழுதி வாங்குங்கள். அமுக்கிப் பிடித்தாலோ அடைத்தாலோ அன்றைக்கே உங்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பதையும்.

நேற்று வரை பேருந்தில் ஓடி ஏறியவன் இன்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டால், அதையும் புகாராக எடுத்துக்கொள்ளுங்கள். தேதி போட்டுக் குறித்து, பதிவைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். கேமராவுக்கு அப்போதுதான் வேலை. (வேலுக்கு அல்ல.)

இந்தப் பதிலில் ஒற்றுகளை எண்ணித்தான் அனுப்பியிருக்கிறேன். அச்சில் எங்காவது குறைந்திருந்தால் பக்க எண்ணோடு எழுதுங்கள், நண்பரிடம் காட்ட வேண்டும்.