மன்னர் திரும்பினார், மேடை திறந்தது: ரெஸ்டோரேஷன் காலம் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, ரெஸ்டோரேஷன் என்கிறார்களே, அப்படி எதைத்தான் மீட்டார்கள்?

பதில்: முடியாட்சியை. 1649-இல் முதலாம் சார்லஸின் தலையை வெட்டிய பிறகு 11 ஆண்டுகள் இங்கிலாந்தில் மன்னர் இல்லை. 1660 மே மாதம் அவருடைய மகன் இரண்டாம் சார்லஸ் நாடு திரும்பினார். இலக்கிய வரலாறும் அந்த ஆண்டில்தான் புதுக்கணக்குத் தொடங்குகிறது.

கேள்வி: பெண்கள் நடிக்க வந்ததும் அப்போதுதானா? அதுவரை ஜூலியட்டாக நடித்தது யார்?

பதில்: பையன்கள்தான் தம்பி. 1642-இல் பாராளுமன்றம் நாடக அரங்குகளை மூடிவிட்டது. 18 ஆண்டுகள் கழித்துத் திறந்தபோது பெண் வேடத்துக்குப் பழகிய பழைய பையன்கள் எல்லாம் தாடி மீசை வைத்த ஆட்களாகியிருந்தார்கள். மன்னரோ பிரான்சில் நடிகைகளைப் பார்த்து ரசித்தவர். 1660 டிசம்பரில் ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’ நாடகத்தில் நாயகி டெஸ்டிமோனாவாக ஒரு பெண்ணே மேடையேறினார்.

பெண் எழுத்தாளரும் வந்தார். அப்ரா பென் முதலில் அரசுக்காக ஆண்ட்வெர்ப்பில் உளவு பார்த்தவர். சரியாகப் பணம் வராமல் கடனாளியாகி, 1670-லிருந்து நாடகம் எழுதிப் பிழைத்தார். அன்றைய வழக்கப்படி மூன்றாம் நாள் வசூல்தான் எழுதியவருக்கு. இரண்டாம் நாளே நாடகம் படுத்துவிட்டால் மாதக்கணக்கான உழைப்புக்கு ஒன்றும் கிடைக்காது. அந்த நெருக்கடியை மனதில் வைத்து அவருடைய ‘தி ரோவர்’ நாடகத்தைப் படித்துப் பாருங்கள். முதல் காட்சியிலிருந்தே பார்வையாளரைப் பிடித்து உட்காரவைக்க அவர் படும் பாடு தெரியும்.

கேள்வி: சாமுவேல் பெப்பிஸ் டைரி வெறும் அன்றாடக் குறிப்புதானே? அதை ஏன் இலக்கியம் என்கிறார்கள்?

பதில்: பெயரைப் ‘பீப்ஸ்’ என்று சொல்ல வேண்டும். அவர் கடற்படை அலுவலக அதிகாரி. 1666 செப்டம்பர் 2 அதிகாலை புட்டிங் லேனில் ஒரு ரொட்டிக் கடையில் பற்றிய தீ லண்டனைத் தின்றுகொண்டு வருகிறது. 4-ஆம் தேதி இவர் குழி வெட்டி, தன் ஒயினையும் பார்மசான் சீஸையும் புதைத்து வைக்கிறார். நகரமே எரியும்போது ஒரு மனிதனுக்கு எது பெரிதாகத் தெரிந்தது என்பதை எந்த வரலாற்று நூலும் இப்படிச் சொல்லாது. அடுத்தவர் படிப்பார்கள் என்ற கூச்சமே இல்லாத எழுத்து. எனக்கு இது இலக்கியம்தான்.

அதை அவர் சுருக்கெழுத்தில் எழுதினார். கண் போய்விடும் என்று பயந்து 1669 மே மாதம் நிறுத்திக்கொண்டார். கேம்பிரிட்ஜ் மக்தலீன் கல்லூரிக்குச் சேர்ந்த அவருடைய நூலகத்தில் அந்த ஆறு தொகுதிகளும் ஏறக்குறைய நூறாண்டு கிடந்தன. பிறகு ஜான் ஸ்மித் என்ற இளைஞர் சுமார் மூன்று ஆண்டுகள் உட்கார்ந்து எழுத்து எழுத்தாகப் பிரித்துப் படித்தார். அந்தச் சுருக்கெழுத்து முறையைக் கற்றுத்தரும் கையேடு அதே நூலகத்தின் அலமாரியில் இருந்தது. அவருக்கு அது தெரியவே தெரியாது. அவருடைய உழைப்பை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

கேள்வி: நாடகம் இவ்வளவு செழித்திருக்க, நாடக ஆசிரியர் ஹென்றி ஃபீல்டிங் ஏன் நாவலுக்குப் போனார்?

பதில்: துரத்தினார்கள். பிரதமர் வால்போலின் ஆட்சியை மேடையில் வைத்துக் கிழித்தவர் அவர். 1737-இல் சட்டம் வந்தது: எந்தப் புது நாடகமானாலும் முன்கூட்டியே அரசு அதிகாரியிடம் அனுப்பி அனுமதி வாங்க வேண்டும். மேடை வழி அடைபட்டதும் ஃபீல்டிங் சட்டம் படித்து வழக்கறிஞரானார். அப்புறம் நாவல்கள்: 1742-இல் ‘ஜோசஃப் ஆண்ட்ரூஸ்’, 1749-இல் ‘டாம் ஜோன்ஸ்’. நாடகத் தணிக்கை மட்டும் 1968 வரை நீடித்தது.