‘புதிய’ என்று கேட்டீர்கள்

கேள்வி: எங்கள் பொது நூலகத்துக்கு வாங்க வேண்டிய புத்தகங்களை வாசகர்களிடம் கேட்கிறார்கள். புதிய நாவல்கள், கட்டுரை நூல்கள் சிலவற்றைச் சொல்லுங்கள் ஐயா.
— வாசகர் ஒருவர், முள்ளியவளை

பதில்: ‘புதிய’ என்ற சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. போரில் இடம்பெயர்ந்தபோது வீட்டுப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு ஓட யாரால் முடிந்தது? பெற்றோர் வாசித்தவை பிள்ளைகளின் கைக்கு வரவேயில்லை. தண்ணிமுறிப்பைக் களமாக வைத்து அ. பாலமனோகரன் எழுதிய ‘நிலக்கிளி’ 1973இல் வெளிவந்தது. உங்கள் மாவட்டத்து மண், உங்கள் மாவட்டத்துப் பேச்சு. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேர் பெயராவது கேள்விப்பட்டிருக்கிறார்கள் என்று. பட்டியலில் முதலில் அதை எழுதுங்கள். மூன்று பிரதி வேண்டும், ஒன்று எப்போதும் யார் வீட்டிலாவது நிற்கும்.

சரி, அண்மையில் வந்தவை. நாவலில் சயந்தனின் ‘ஆதிரை’ (2015). மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறியவர்களையும் நம் கதைக்குள் சேர்த்துக்கொண்ட நாவல் என்பதால் எனக்கு அதன்மேல் தனி மரியாதை. கட்டுரைப் பக்கம், விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியல்துறைப் பொறுப்பாளராக இருந்த தமிழினியின் தன்வரலாறு ‘ஒரு கூர்வாளின் நிழலில்’. அவர் மறைந்த பிறகு 2016இல் வந்தது. அதைப் பற்றி இன்றும் வாக்குவாதம் உண்டு. அதனால்தான் வாங்கச் சொல்கிறேன். சண்டை பிடிப்பவர்கள் வாசித்துவிட்டுப் பிடிக்கட்டும்.

அப்புறம், ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைநூல். ஆங்கிலம்தான், பார்வையும் வெள்ளைக்கார அதிகாரியின் பார்வைதான். ஆனாலும் நம் ஊர்களையும் குளங்களையும் தேடுகிறவர் அதைத் தொடாமல் போக முடியாது.

இதை வாங்கினால் உசாத்துணைப் பகுதி என்று சொல்லிக் கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டிவிடுவார்கள். என் கோபமே அங்கேதான். சிறுவயதில் ஒரு நூலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு புத்தகத்தின் முதுகை மாதக்கணக்காகப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். சாவி வைத்திருந்தவர் எப்போது கேட்டாலும் லீவு. கடைசிவரை அதைத் திறந்து பார்க்கவில்லை. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். புத்தகம் பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதி. ஒருகாலத்தில் ஐரோப்பாவில் புத்தகங்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்ததை அந்த இடத்தில்தான் அவர் எடுத்துச் சொல்கிறார். நம்மிடம் சங்கிலி இல்லை, பூட்டு இருக்கிறது.

வயலுக்குப் போய் வருகிறவர் கால் கழுவி வருவதற்குள் நூலகம் மூடிவிடுகிறது என்பது இன்னொரு வழக்கு, அதை அடுத்த இதழில் பேசுகிறேன். நீங்கள் பட்டியலைக் கொடுக்கும்போது அந்த அலுமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.