நிபுணர்களிடம் விட்டுவிடலாமா?

கேள்வி: அரசியல் புகுவதால்தான் அரசின் கொள்கைகள் கெட்டுப்போகின்றன. படித்த நிபுணர்களிடம் முடிவை விட்டுவிட்டால் என்ன?
– வாசகர், பேரணாம்பட்டு

பதில்: தோல் பதனிடும் ஊரான பேரணாம்பட்டில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே ஐயா! விட்டுப் பார்த்தாயிற்று. பலன் பாலாற்றங்கரைக் கிணறுகளில் கிடக்கிறது, ஒரு வாய் குடித்துப் பாருங்கள்.

1972-ல் தோல் ஏற்றுமதி பற்றி யோசனை சொல்ல சீதாராமையா குழு என்று ஒரு நிபுணர் குழு வந்தது. பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்துங்கள், முழுதாகப் பதனிட்டு விற்றால் அந்நியச் செலாவணி கூடும் என்றது. கணக்கில் தப்பில்லை. டெல்லியும் ஏற்றுக்கொண்டது. அதுவரை மரப்பட்டை ஊறலில் வாரக்கணக்கில் தோலைப் போட்டு வைத்திருந்த வடஆற்காட்டு டேனரிகள் (தோல் பதனிடும் ஆலைகள்) பல, ஒரு நாளில் வேலையை முடிக்கும் குரோமிய ரசாயனத்துக்கு மாறின. டாலர் வந்தது. கழிவு ஆற்றில் இறங்கியது. டாலரை எடைபோட்டவர்கள் கிணற்றைத் தராசில் வைக்கவில்லை. எதைத் தராசில் வைப்பது என்பதை எந்தப் பட்டப்படிப்பு சொல்லித் தருகிறது?

அப்புறம் வேலூர் குடிமக்கள் நல அமைப்பு ஒன்று உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு. ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது, டேனரிப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழ் என்ற விவரமெல்லாம் அதில் உண்டு. தோலால் அந்நியச் செலாவணியும் வேலையும் கிடைப்பதை நீதிபதிகள் மறுக்கவில்லை. அதற்காக மண்ணையும் நீரையும் கெடுக்கும் உரிமை கிடையாது, கெடுத்தவர்தான் செலவைத் தர வேண்டும் என்றார்கள். டேனரிக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம். கவனியுங்கள், நாக்பூரில் உள்ள நீரி என்ற சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனத்து நிபுணர்கள் இந்த வழக்கிலும் இருந்தார்கள். ஆக, இரண்டு பக்கமும் நிபுணர்தான். எது பெரிது என்ற எண்ணம் மட்டும் வேறு.

சரி, டேனரிக்காரர்களுக்கு எதிரி என்று என்னை முடிவு கட்டிவிடாதீர்கள். விடியற்காலையில் ஆம்பூர் பைபாஸ் பக்கம் நின்று பாருங்கள்: டிபன் பாக்ஸோடு ஷூ கம்பெனி வண்டிக்குக் காத்திருக்கும் பெண்கள். அம்மா வீட்டுக் கிணறு உப்பு, மகள் சம்பளம் தோலில். அந்த ஒரு வீட்டுக்கே எது நியாயம் என்று எந்த நிபுணர் கணக்குப் போட்டுத் தருவார்? சண்டை போட்டு, பேரம் பேசி, ஓட்டுக் கேட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும். அதற்குத்தானே அரசியல் என்று பெயர்? உங்களுக்குக் கோபம் ஊழல் மேல் என்றால் அப்படிச் சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன்.

பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீட்டை அரசு முதலில் கொடுத்துவிட்டு, கெடுத்தவர்களிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2025 ஜனவரி 30-ல். முதல் தீர்ப்புக்கு இருபத்தெட்டு வருடம் கழித்து. இதுவும் எந்த நிபுணர் குழுவும் தானாகக் கூப்பிட்டுக் கொடுத்ததல்ல, வழக்கை விடாமல் நடத்தி வாங்கியது.