பழைய ஆங்கில அகராதிகளில் தெரிந்த சொற்களுக்கே வேறு பொருள் போட்டிருக்கிறதே, இன்று அவற்றைப் படித்து என்ன பயன்?

பழைய ஆங்கில நூல்களை மூலத்திலேயே படிக்கிறவர் என்றால் பயன் நிறைய உண்டு. நீங்கள் குறையாகச் சொல்லும் அந்த 'வேறு பொருள்'தான் பயனே. தெரியாத சொல் வந்தால் நின்று அகராதியைத் தேடுவோம். தெரிந்த சொல் வந்தால் நிற்க மாட்டோம். இன்றைய பொருளை வைத்தே படித்துக்கொண்டு போய்விடுவோம். தப்பாகப் படித்தோம் என்பதுகூடத் தெரியாது.

வீட்டில் இந்திய பாஸ்போர்ட் இருந்தால் எடுத்துத் திறந்து பாருங்கள். குடியரசுத் தலைவர் பெயரால் விடுக்கப்படும் வேண்டுகோளில் 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' என்று இருக்கும். 'லெட்' என்றால் அனுமதிப்பது என்று எடுத்துக்கொண்டால் அந்த வரிக்குப் பொருளே வராது. அங்கே 'லெட்' என்றால் தடை. பழைய ஆங்கிலத்தில் 'விடு' என்பதற்கு ஒரு வினைச்சொல், 'தடு' என்பதற்கு வேறொரு வினைச்சொல் இருந்தது. ஒலி தேய்ந்து தேய்ந்து இரண்டும் ஒரே 'லெட்' ஆகிவிட்டன. தடுப்பது என்ற பொருள் பேச்சில் செத்துப்போய்விட்டது. சட்ட வாசகத்திலும் டென்னிஸ் ஆட்டத்திலும் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஷேக்ஸ்பியர் காலத்தில் அது உயிரோடு இருந்தது. தந்தையின் ஆவியைப் பின்தொடர்ந்து போகத் துடிக்கும் ஹாம்லெட், தன்னைப் பிடித்து நிறுத்துகிறவர்களிடம், என்னை 'லெட்' செய்கிறவனை ஆவியாக்கிவிடுவேன் என்று சீறுகிறான். இன்றைய பொருளில் படித்தால், வழி விடுகிறவனையா கொல்லப்போகிறான் என்று குழம்ப வேண்டியதுதான்.

இதே மாதிரி 'பிரிவெண்ட்'. 1611-இல் வந்த ஆங்கில பைபிளில், தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபம் நான்காம் அதிகாரத்தில், உயிரோடிருக்கும் நாம் இறந்தவர்களை 'பிரிவெண்ட்' செய்ய மாட்டோம் என்று ஒரு வசனம் இருக்கிறது. தடுப்பது என்று படித்தால் விளங்காது. நம் பழைய தமிழ் பைபிளில் அதே இடத்தில் 'முந்திக்கொள்வதில்லை' என்று இருக்கும். லத்தீனில் அந்தச் சொல்லுக்கு முன்னால் வருவது என்றுதான் பொருள். ஒருவனுக்கு முன்னால் போய் நின்றால் அவன் வழி அடைபடுகிறது. அங்கிருந்துதான் இன்றைய பொருள் வந்தது.

சரி, அகராதிக்கு வருகிறேன். ஆங்கிலத்துக்கு மட்டுமான முதல் அகராதி என்று பொதுவாகச் சொல்லப்படுவது 1604-இல் ராபர்ட் காட்ரி கொண்டுவந்தது. ஏறக்குறைய 2,500 சொற்கள், அத்தனையும் கடினமான சொற்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம். எளிய சொற்களுக்கு எதற்கு அகராதி என்பதுதான் அன்றைய எண்ணம். சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட அகராதியோ எளிய சொற்களையே மிக விரிவாக எடுத்துக்கொண்டது. எளிய வினைச்சொற்கள்தான் தன்னைப் படாத பாடு படுத்தின என்று முன்னுரையில் அவரே சொல்கிறார். 'டேக்' என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் 134 பொருள்களை எண் போட்டுத் தருகிறார்.

இத்தனை பொருளையும் அவர் உட்கார்ந்து யோசித்து எழுதவில்லை. லண்டன் புத்தக வியாபாரிகளோடு 1746-இல் ஒப்பந்தம் போட்டுவிட்டு, புத்தகம் புத்தகமாகப் படித்தார். வேண்டிய சொல்லின் கீழ் பென்சிலால் கோடிட்டு, அதன் முதல் எழுத்தை ஓரத்தில் குறித்துவைப்பார். லண்டன் கஃப் ஸ்குவேரில் அவர் குடியிருந்த வீட்டின் மேல்மாடியில் இருந்த உதவியாளர்கள் அந்த வாக்கியத்தைச் சீட்டில் நகலெடுப்பார்கள். சீட்டுகளைச் சேர்த்துவைத்துப் பார்க்கும்போதுதான் ஒரே சொல் எத்தனை விதமாகப் புழங்குகிறது என்று பிடிபடும். அதனால் ஒவ்வொரு பொருளுக்கும் கீழே யாரோ ஓர் எழுத்தாளர் அதை அப்படிப் பயன்படுத்தியதற்குச் சாட்சி இருக்கிறது. மொத்தம் 42,000 சொற்களுக்கு மேல். ஒரு லட்சத்துக்கும் அதிகமான மேற்கோள்கள்.

எனக்கு இந்த அகராதியின் அருமையை உணர்த்தியது ஜான்சனின் சொந்தக் கவிதைதான். அவர் வீட்டில் பல ஆண்டுகள் தங்கியிருந்த ராபர்ட் லெவெட் என்பவர் லண்டனில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தவர். கொடுத்ததை வாங்கிக்கொள்வார், கொடுக்க முடியாதவர்கள் வீட்டுக்கும் நடந்தே போவார். 1782-இல் அவர் இறந்தபோது ஜான்சன் எழுதிய இரங்கற்பாவில் அவரை 'ஆஃபீஷியஸ்' என்கிறார். இன்று ஆங்கிலத்தில் ஒருவரை அப்படிச் சொன்னால், கேட்காமலே மூக்கை நுழைத்து அதிகாரம் பண்ணுகிறவர் என்று வசைபாடுவதாகும். இறந்த நண்பரைப் பற்றி இப்படியா எழுதுவார் என்று நினைக்கத் தோன்றும். ஜான்சனின் அகராதியையே எடுத்துப் பாருங்கள். அந்தச் சொல்லுக்கு முதல் பொருள்: அன்பானவர், பிறருக்கு நல்லது செய்கிறவர். இன்று நாம் அறிந்த கெட்ட பொருள் அதற்குப் பிறகுதான் வருகிறது. அன்றே இரண்டும் புழக்கத்தில் இருந்தன; ஜான்சன் உயர்ந்ததை எடுத்துத் தன் நண்பருக்குச் சூட்டியிருக்கிறார். நட்பற்றவர்களுக்கெல்லாம் நண்பர் என்று அடுத்த வரியும் அதோடு சேர்ந்துகொள்கிறது. இன்றைய கையகராதி மட்டும் வைத்திருக்கிறவருக்கு அந்தக் கவிதையின் கதவே திறக்காது.

'நெர்வஸ்' என்ற சொல்லும் அப்படித்தான். இன்று பதற்றம், ஜான்சனிடம் 'வலிமை மிக்க, முறுக்கேறிய' என்ற பொருளும் உண்டு. 18-ஆம் நூற்றாண்டு விமர்சகர் ஒருவர் ஒரு நடையை 'நெர்வஸ்' என்று சொன்னால் அது பாராட்டு.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். ஜான்சன் முதலில் போடும் பொருள்தான் அன்று அதிகம் வழங்கிய பொருள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வேர்ப்பொருளை முதலில் வைப்பது அவர் வழக்கம். 'அரைவ்' என்ற சொல்லுக்கு நீர்வழியே வந்து சேர்வதுதான் முதல் பொருள், ஏனென்றால் அதன் லத்தீன் வேரில் கரை இருக்கிறது. அதற்காக அவர் காலத்தில் குதிரை வண்டியில் வந்தவர்கள் 'அரைவ்' ஆகவில்லை என்று ஆகிவிடாது. மேற்கோள்களுக்கு அவர் ஆண்டும் போடுவதில்லை. ஒரு பொருள் எப்போது பிறந்தது, எப்போது வழக்கொழிந்தது என்று தெரிய வேண்டுமானால் ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய அகராதிக்குத்தான் போக வேண்டும். 1884-இல் முதல் பகுதி வந்து 1928-இல் நிறைவான அந்த அகராதி, ஒவ்வொரு மேற்கோளுக்கும் ஆண்டு போட்டு வரிசைப்படுத்துகிறது. வழக்கொழிந்த பொருளுக்கு முன்னால் சிலுவை போல ஒரு சின்னக் குறி இருக்கும்.

நான் செய்வது இதுதான்: 18-ஆம் நூற்றாண்டு நூல் என்றால் முதலில் ஜான்சன், அதற்கு முந்தியது என்றால் நேரே ஆக்ஸ்ஃபோர்டு. ஆக்ஸ்ஃபோர்டு இணையப் பதிப்புக்குச் சந்தா வேண்டும். ஜான்சனின் அகராதி இணையத்தில் இலவசமாகவே படிக்கக் கிடைக்கிறது. தேடும்போது 1755 முதல் பதிப்பையோ, அவரே திருத்திய 1773 நான்காம் பதிப்பையோ எடுங்கள். 1756-இல் வந்த சுருக்கப் பதிப்பு வேண்டாம். அதில் மேற்கோள்களை எடுத்துவிட்டு எழுத்தாளர் பெயரை மட்டும் விட்டுவைத்திருப்பார்கள்.