‘புன்கண் மாலை’ என்பதில் வரும் புன்கண் இருட்டா, சோகமா?

எனக்கும் இந்தக் குழப்பம் இருந்தது. இன்னும் மோசமாகவே இருந்தது. ‘ஆர்வலர் புன்கணீர் பூசல் தரும்’ என்ற குறளைப் பள்ளியில் மனப்பாடம் செய்தபோது, புண் வந்த கண்ணில் வடியும் நீர் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் எல்லோருக்கும் மெட்ராஸ் ஐ வந்திருந்த சமயம் அது! இது ரெண்டு சுழி ன. புண்ணுக்கும் இதற்கும் உறவில்லை.

புன்மை என்றால் குறைவு, மங்கல். புன்செய், புன்சிரிப்பு எல்லாம் இதே வேர்தான். மாலைப் பொழுதோடு புன்கண் சேரும்போது என்ன ஆகிறது என்பதற்கு 1222ஆம் குறளைப் பாருங்கள். பிரிவில் வாடும் ஒருத்தி மாலையிடமே பேசுகிறாள்: ‘புன்கண்ணை வாழி மருள்மாலை’. (அந்த ‘ஐ’ வேற்றுமை உருபு இல்லை; ‘நீ புன்கண் உடையை’ என்கிறாள்.) என்னைப் போல நீயும் களையிழந்து நிற்கிறாயே, உன் துணையும் என்னவர் மாதிரி கல்நெஞ்சமோ என்று கேட்கிறாள். குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் இங்கே புன்கண்ணுக்குப் பொலிவழிதல் என்று பொருள் சொல்லி, அதனால் துன்பமும் தோன்றுகிறது என்கிறார். உங்கள் கேள்விக்குப் பதில் அதிலேயே இருக்கிறது. வெளிச்சம் முதலில் மங்குகிறது, துக்கம் அதன் பின்னால் வருகிறது. முகம் இருண்டு போச்சு என்று நாம் சொல்வதில்லையா, அதைப் போலத்தான்.

நீங்கள் கேட்ட ‘புன்கண் மாலை’ குறுந்தொகை 46இல் வருகிறது. மாமலாடன் பாட்டு. வாடிய ஆம்பல் பூப் போலச் சிறகு கூம்பிய குருவிகள் முற்றத்தில் காயும் தானியத்தைத் தின்று, எருப் புழுதியில் குடைந்து விளையாடி, கூரை இறப்பில் குஞ்சுகளோடு அடைகின்றன. பார்த்தால் இதில் சோகமே இல்லை. ஆனால் ‘புன்கண் மாலையும் புலம்பும்’ (புலம்பு என்றால் தனிமை) அவர் போன ஊரில் இல்லையா தோழி என்று காதலனைப் பிரிந்த தலைவி கேட்கும்போது, அந்தக் குருவிக் குடும்பமே அவளைக் குத்துவது புரிகிறது.

சில இடங்களில் மங்கல் இல்லாமல் துன்பம் மட்டும் நிற்கும். நற்றிணை 210, அண்டியவரின் ‘புன்கண்’ கண்டு அஞ்சும் குணத்தைத்தான் செல்வம் என்கிறது. குறள் 1152 இதை ‘இன்கண்’ணுக்கு, அதாவது இன்பத்துக்கு, எதிராக வைக்கிறது.

இன்று பேச்சில் இந்தச் சொல் கிடையாது. கவிதையில் எழுத ஆசையென்றால் தாராளமாக எழுதுங்கள். அமாவாசை நடுநிசிக்கு மட்டும் போடாதீர்கள். விளக்கு வைக்கிற நேரம்தான் இதற்குச் சரி, கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருக்கவேண்டும். அப்புறம், தட்டச்சு செய்யும்போது போன் அதைப் ‘புண்கண்’ ஆக்கிவிடுகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.