பன்னிரண்டு மணி மட்டும் தாங்கும் பனடோல்

கேள்வி: எங்கள் மகனுக்கு மூன்று வயதும் நான்கு மாதமும். தை மாதம் முன்பள்ளியில் சேர்த்தோம். இந்த நான்கு மாதத்துக்குள் ஐந்து தரம் தடிமன், காய்ச்சல், இருமல். ஒருதரம் சத்தியும் வயிற்றோட்டமும். ஒன்று மாறிப் பத்து நாள் போகாது, அடுத்தது வந்துவிடும். வீட்டில் நின்ற காலத்தில் பிள்ளைக்கு இப்படி ஒரு வருத்தமும் இல்லை. எதிர்ப்புச் சக்தி காணாது, ஐந்து வயது மட்டும் வீட்டில் நிற்கட்டும் என்கிறா மாமி. எனக்கு வங்கியில் வேலை, லீவு முடியப்போகிறது. இவர் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) வேலை; தன்னுடைய லீவை நல்லூர்த் திருவிழாவுக்கென்று வைத்திருக்கிறார். அதனால் லேசான காய்ச்சல் என்றால் காலையில் பனடோல் பாணி கொடுத்துத்தான் அனுப்புவேன், பன்னிரண்டு மணி மட்டும் தாங்கும். பிறகு மாமி போய்க் கூட்டிவருவா. எதிர்ப்புச் சக்திக்கு நல்ல வைட்டமின் பாணி எது? முன்பள்ளியை நிறுத்திவிடுவதா?
— பெயர் வேண்டாம், கோண்டாவில்

பதில்: தங்கச்சி, நீங்கள் கேட்ட இரண்டு கேள்விக்கும் ஒவ்வொரு வரி போதும். வைட்டமின் பாணி வேண்டாம். முன்பள்ளியை நிறுத்த வேண்டாம். முதல் வருடத்தில் எட்டுத் தரம், பத்துத் தரம் தடிமன் வருவது இந்த வயதுப் பிள்ளைகளுக்கு வழமை. ஒவ்வொன்றும் ஒரு கிழமை, பத்து நாள் நிற்கும்; இருமல் மூன்று கிழமைக்கும் இழுபடும். ஒன்றின் வால் அறுமுன் மற்றதின் தலை தெரியும். ஐந்து வயது மட்டும் வீட்டில் வைத்திருந்தால் இதே வரிசை முதலாம் வகுப்பில் வரும், அவ்வளவுதான்.

இனி, கேட்காமல் எழுதிவிட்ட வரிக்கு வருகிறேன். "பன்னிரண்டு மணி மட்டும் தாங்கும்."

என்ன துல்லியமான கணக்கு! ஏழரைக்குக் கொடுத்தால் எட்டு, எட்டரைக்குள் காய்ச்சல் இறங்கும். அந்தப் பலன் நாலு மணித்தியாலத்துக்குக் குறையாமல் இருக்கும். முன்பள்ளி விடுகிற நேரத்துக்குப் பிள்ளை மறுபடி கொதிக்கத் தொடங்கும், அப்போது மாமி வாசலில் நிற்பா. பிள்ளைக்கு வருத்தம் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, ரீச்சருக்குத் தெரியாத மாதிரி மறைத்து அனுப்புகிறீர்கள். பனடோல் காய்ச்சலைத்தான் இறக்கும். கிருமி அப்படியே இருக்கும், மூக்குச்சளியிலும் கையிலும் விளையாட்டுச் சாமானிலும். அதே பாயில் அதே கட்டைகளை அடுக்குகிற இருபது பிள்ளைகளில் ஒன்றின் வீட்டில் பிறந்து ஒரு மாதமான தம்பி இருப்பான். இன்னொன்றின் வீட்டில் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுகிற தாத்தா இருப்பார். அவர்களுக்கு என்ன பதில் சொல்வீர்கள்? உங்கள் மகனுக்கு வந்த ஐந்தில் எத்தனை, உங்களைப் போலவே கணக்குப் பார்த்த இன்னொரு தாய் அனுப்பிவைத்தது?

அடுத்தது மாமி. பன்னிரண்டரைக்கு வீட்டுக்கு வந்து தொட்டுப் பார்க்கிறா, சுடுகிறது. அவவும் அன்பான மனுசி, பிறிட்ஜைத் திறந்து பனடோல் போத்தலை எடுக்கிறா. நீங்கள் ஏழரைக்குக் கொடுத்தது அவவுக்குச் சொல்லப்பட்டதா? பின்னேரம் நீங்கள் வந்து மூன்றாம் தரம், படுக்கிற நேரம் நாலாம் தரம், இரவு அனுங்கினால் ஐந்தாம் தரம். அளவு மிஞ்சினால் ஈரல் பழுதாகும். ஒரு கிலோ நிறைக்கு ஒருதரத்துக்கு 15 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. ஆறு மணித்தியாலத்துக்கு ஒருதரம், நாளுக்கு நாலு தரத்துக்கு மேல் வேண்டாம். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணி என்றால், 12 கிலோப் பிள்ளைக்கு 7.5 மில்லிலீற்றர். எல்லாப் போத்தலும் ஒரே செறிவல்ல, லேபலை வாசியுங்கள். தேக்கரண்டியால் அளக்காதீர்கள், பாமசியில் ஊசியில்லாத சிறிஞ் ஒன்று வாங்குங்கள். பிறிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டி, கொடுத்த நேரத்தையும் அளவையும் கொடுத்தவர் எழுதவேண்டும்.

எல்லாவற்றிலும் பயமானதைக் கடைசிக்கு வைத்தேன். நீங்கள் தை மாதம் சேர்த்தீர்கள். யாழ்ப்பாணத்தில் மாரி மழை விட்டு, கிணற்றடியிலும் பூச்சாடியிலும் பீலியிலும் நுளம்பு பெருகி நிற்கிற காலம் அது. டெங்குக் காய்ச்சல் கூடுதலாக வரும் காலமும் அதுதான். டெங்கில் ஆபத்து, காய்ச்சல் கொதிக்கும்போதல்ல, மூன்றாம் நாளுக்குப் பிறகு காய்ச்சல் இறங்கும்போது தொடங்குகிறது. இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிற அந்த 24 முதல் 48 மணித்தியாலத்தில் பிள்ளை சோர்ந்து கிடக்கும், கைகால் குளிரும், சலம் குறையும், வயிறு நோகும், விடாமல் சத்தி எடுக்கும். காய்ச்சல் எப்போது தொடங்கியது, எப்போது தானாக இறங்கியது என்ற கணக்குத்தான் டொக்டருக்கு வழிகாட்டி. நீங்களோ ஒவ்வொரு காலையும் மருந்தால் இறக்கி, "லேசான காய்ச்சல்" என்று எழுதியிருக்கிறீர்கள். லேசானதா, இறக்கப்பட்டதா என்று உங்களுக்கே தெரியாது. அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை என்பது அதிர்ஷ்டம்.

ஆகவே காலைச் சட்டம் இது. பிள்ளை எழும்பியவுடன், எந்த மருந்தும் கொடுக்கமுன், கமக்கட்டில் தேமாமீற்றர் வையுங்கள். 37.5 பாகையோ (99.5 பரனைற்) அதற்கு மேலோ காட்டினால் முன்பள்ளி இல்லை. பனடோல் இல்லாமல் 24 மணித்தியாலம் காய்ச்சல் வராமல் இருந்தால்தான் திரும்ப அனுப்பலாம். சத்தி, வயிற்றோட்டம் என்றால் கடைசித் தரத்திலிருந்து இரண்டு முழு நாள். கொப்பளிப்பான் என்றால் எல்லாக் கொப்பளமும் காய்ந்து பொருக்கு விடும் வரை. காய்ச்சல் இல்லாமல் மூக்கு மட்டும் ஒழுகி, பிள்ளை ஓடித்திரிந்து சாப்பிட்டால் அனுப்புங்கள். அதற்கும் மறித்தால் வருடத்தில் பாதி நாள் வீட்டில்தான்.

காய்ச்சல் மூன்றாம் நாளும் விடாவிட்டால் இரத்தப் பரிசோதனை செய்யவேண்டும். புருபன் (ஐபுபுரூபன்), அஸ்பிரின், பின்பக்கம் வைக்கிற குளிசை, இவை ஒன்றும் டொக்டர் சொல்லாமல் வேண்டாம். டெங்கு என்றால் இரத்தக்கசிவைக் கூட்டும். மாமி வேது (ஆவி) பிடிக்கச் சட்டி வைத்தால் அன்போடு தடுங்கள். தடிமனை விட மோசம் கொதிதண்ணி கவிழ்ந்த நெஞ்சு. போன தரத்து அன்ரிபயோட்டிக் போத்தலில் மிச்சம் இருந்தால் இன்றைக்கே எறிந்துவிடுங்கள். தடிமன் வைரசுக்கு அது ஒன்றும் செய்யாது. இரவு இருமலுக்குப் படுக்கமுன் அரைத் தேக்கரண்டித் தேன் போதும். ஒரு வயதுக்குக் கீழ் மட்டும் தேன் கூடாது. வயிற்றோட்டத்துக்கு ஜீவனி (ஓ.ஆர்.எஸ். உப்பு) பைக்கற் ஒன்றைப் பைக்கற்றில் சொன்ன அளவுத் தண்ணீரில், கொதித்தாறிய தண்ணீரில், முழுதாகக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பாதிப் பைக்கற் கணக்கு வேண்டாம், ஒரு நாளைக்கு மேல் வைத்திருக்கவும் வேண்டாம்.

சூடு, குளிர்ச்சி என்று முட்டை, மீன், வாழைப்பழம், தயிர் எல்லாவற்றையும் நிறுத்துகிற வழக்கம் உங்கள் வீட்டிலும் இருக்கும். அதை விடுங்கள். வருத்தத்தில் மெலிந்த பிள்ளைக்கு மாறியபிறகு இரண்டு கிழமைக்கு நாளுக்கு ஒருவேளை கூடுதலாகக் கொடுக்கவேண்டும்: முட்டையும் சோறும், பருப்பும் நெய்யும், உளுத்தங்களி. எதிர்ப்புச் சக்தி இந்தத் தட்டிலும் தடுப்பூசியிலும்தான் இருக்கிறது. கிளினிக் கொப்பியை எடுத்துப் பாருங்கள், மூன்று வயதில் போடுகிற எம்.எம்.ஆர். (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாத் தடுப்பூசி) போட்டாயிற்றா? இல்லையென்றால் குடும்பநல உத்தியோகத்தரிடம் நாளைக்கே போங்கள். நிறைக் கோடு ஏறுகிறதா என்றும் பாருங்கள். கோடு ஏறாமல் நின்றால், அல்லது ஒரு வருடத்தில் இரண்டு தரம் நியூமோனியா வந்தால், அப்போது எதிர்ப்புச் சக்தியைப் பற்றி டொக்டரிடம் கேளுங்கள்.

இனி உங்கள் வீட்டுக்காரர். அரச உத்தியோகத்தருக்கு வருடத்துக்கு அமய லீவு மட்டும் 21 நாள். இருபத்தைந்து நாள் திருவிழாவுக்கும் அவர் வாசலில் நிற்காவிட்டால் முருகன் கோவிக்கப்போவதில்லை. பின்னேரம் கந்தோர் விட்டுப் போயும் கும்பிடலாம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தாயின் லீவுதான் கரைய வேண்டும் என்று யார் எழுதிவைத்தது? "இவர் வைத்திருக்கிறார்" என்று நீங்களும் நியாயமாக எழுதியிருக்கிறீர்களே, அது எனக்குக் கோபம். முதல் நாள் நீங்கள், அடுத்த நாள் அவர், மாறிமாறி. மூன்றாம் நாள் தேவைப்பட்டால் மாமி நிற்கட்டும். கூட்டிவரத் தெரிந்தவவுக்குப் பார்த்துக்கொள்ளவும் தெரியும். இந்தப் பதிலை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

ரீச்சரிடமும் போய்ச் சொல்லுங்கள்: இவ்வளவு நாளும் மருந்து கொடுத்து அனுப்பினேன், இனி இல்லை. வெட்கமாகத்தான் இருக்கும். பிறகு கேளுங்கள், பிள்ளைகள் சாப்பிடமுன்னும் கழிப்பறை போனபின்னும் சவர்க்காரம் போட்டுக் கழுவுகிறார்களா, ஒரே துவாயில் எல்லாரும் துடைக்கிறார்களா என்று. வயிற்றோட்டக் கிருமிக்கு சனிற்றைசர் போதாது. மகன் வீட்டுக்கு வந்தவுடன் படலையடிப் பைப்பில் கையும் முகமும் கழுவி, உடுப்பு மாற்றியபிறகு உள்ளே வரட்டும்.

கடைசியாக ஒன்று பழகுங்கள். இருமல் கூடின இரவில் சட்டையைக் கழற்றி, மணிக்கூட்டைப் பார்த்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். உங்கள் மகனின் வயதுக்கு அமைதியாகப் படுத்திருக்கும்போது 40 அல்லது அதற்கு மேல் என்றாலோ, விலாவுக்குக் கீழ் உள்ளே இழுத்தாலோ, உதடு நீலித்தாலோ, ஆறு மணித்தியாலமாகச் சலம் போகாவிட்டாலோ விடியட்டும் என்று இருக்கவேண்டாம். 1990க்கு எடுத்தால் அம்புலன்ஸ் வரும், காசில்லை.