ரஷ்யக் கப்பலும் அமெரிக்கக் கடிதமும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் பெர்லின் சுவரைப் பற்றிச் சின்னதாக ஒரு பெட்டிச் செய்தி போட்டார்கள். அதன் புண்ணியத்தில் இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பனிப்போரைப் பற்றித்தான். மற்றவர்கள் கோபிக்க வேண்டாம், உங்கள் முறையும் வரும்.

உயர்நிலை 4 மாணவர், ஜூரோங் வெஸ்ட்: பனிப்போரைத் தொடங்கியது அமெரிக்காவா, சோவியத் யூனியனா? வரலாற்றுப் பாடத்துக்குக் கட்டுரை எழுத வேண்டும், தாத்தா.

கட்டுரையை நான் எழுதித் தரப்போவதில்லை தம்பி. ஆனால் எழுத உட்காரும் முன் ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள். இரண்டாம் உலகப் போரில் சோவியத் யூனியன் பறிகொடுத்த உயிர்கள் சுமார் 2 கோடியே 70 லட்சம். மேற்கிலிருந்து இனி ஒருவனும் படையெடுத்து வரக்கூடாது என்று சோவியத் தலைவர் ஸ்டாலின் போலந்து முதல் பல்கேரியா வரை தன் சொல் கேட்கும் அரசுகளை உட்காரவைத்தார். அவர் அதைத் தற்காப்பு என்றார். வாஷிங்டன் ஆக்கிரமிப்பு என்றது. போலந்துக்காரரைக் கேட்டிருந்தால் அவரும் ஆக்கிரமிப்பு என்றுதான் சொல்லியிருப்பார்.

1947 மார்ச் 12ஆம் தேதி அமெரிக்க அதிபர் ட்ரூமன், கம்யூனிசத்தைத் தடுக்க கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் உதவப் பணம் கேட்டு அமெரிக்கக் காங்கிரசில் பேசினார். அப்புறம் போரில் சிதைந்த ஐரோப்பாவைத் தூக்கி நிறுத்த அமெரிக்கா கொடுத்த மார்ஷல் திட்டம், சுமார் 1,300 கோடி டாலர். அதில் ஒரு காசைக்கூடத் தன் பக்கத்து நாடுகள் தொட ஸ்டாலின் விடவில்லை. 1948 ஜூன் 24 அன்று, சோவியத் பகுதிக்கு நடுவே மேற்கு நாடுகளின் கையில் இருந்த மேற்கு பெர்லினுக்குப் போகும் சாலையையும் ரயிலையும் அடைத்தார். அமெரிக்காவும் பிரிட்டனும் நிலக்கரியையும் மாவையும் விமானத்தில் கொண்டுபோய் இறக்கி அந்த ஊரைக் காப்பாற்றினார்கள். யார் தொடங்கினார்கள் என்பதைவிட, எந்த ஆண்டோடு திரும்பிப் போக வழியில்லாமல் போயிற்று என்று கேட்டால் நான் 1948 என்பேன். உன் ஆசிரியர் 1947 என்றால் அதையே எழுது. மதிப்பெண் போடப்போவது அவர்.

வாசகி, செம்பவாங்: அந்தக் காலத்தில் சிங்கப்பூர் எந்தப் பக்கமும் சேராமல் நடுநிலையாக இருந்தது என்று என் மாமனார் அடித்துச் சொல்கிறார். என் கணவர் அதெல்லாம் இல்லை என்கிறார். யார் சொல்வது சரி, ஐயா?

என்னை உங்கள் வீட்டுப் பஞ்சாயத்தில் இழுத்துவிடப் பார்க்கிறீர்கள். சரி, மாமனார் பெரியவர், அவர் கட்சியை முதலில் பார்ப்போம்.

1968 ஜூனில் சோவியத் யூனியனோடு தூதரக உறவு வந்தது. 1970இல், இரண்டு பக்கமும் சேராத நாடுகளின் கூட்டமான அணிசேரா இயக்கத்தில் சேர்ந்தோம். 1971இல் மாஸ்கோ நரோட்னி வங்கி இங்கே கிளை திறந்தது. அது கண்ட இடத்தில் கடன் கொடுத்து, அதுவும் நிலத்திலும் கட்டடத்திலும் கொடுத்து, கையைச் சுட்டுக்கொண்டது. கம்யூனிஸ்ட் நாட்டு வங்கிக்கு வந்த சோதனையைப் பாருங்கள்! சீனாவோடு 1990 அக்டோபர் வரை தூதரக உறவே கிடையாது. ஆனால் பேட்டரி ரோட்டில் பேங்க் ஆஃப் சைனா கட்டடம் 1954இலிருந்து நிற்கிறது.

இதற்கு நானும் ஒரு சாட்சி. என் அப்பா கடற்படைத் தளத்தில் (எங்களுக்கு அது ‘பேஸ்’தான்) வெள்ளைக்காரனின் போர்க்கப்பலுக்குச் சாயம் அடித்தார். எழுபதுகளில் நான் ஒரு கப்பல் பட்டறையில் பிட்டராக இருந்தபோது சோவியத் சரக்குக் கப்பலின் இன்ஜின் ரூமுக்குள் இறங்கி வேலை பார்த்தேன். புகைபோக்கியில் சிவப்புப் பட்டை, அதில் மஞ்சள் நிறத்தில் அரிவாள் சுத்தியல். சாப்பாட்டு அறையில் லெனின் படம். சமையலுக்கும் மருத்துவத்துக்கும் கப்பலில் பெண்கள் இருந்தது எங்களுக்குப் பெரிய அதிசயம். இன்ஜின் ரூமில் எல்லாப் பலகையும் ரஷ்ய எழுத்தில் இருக்கும். எது எண்ணெய்க் குழாய், எது கடல்தண்ணீர்க் குழாய் என்று ஒருவனுக்கும் தெரியாது. அவர்களுடைய இன்ஜினியர் ஒருவர் ஒவ்வொரு வால்வின் மேலும் சாக்குக்கட்டியால் ஒரு நம்பர் எழுதினார். எங்கள் ஃபோர்மேன் அதே நம்பரை நோட்டில் குறித்துக்கொண்டார். அந்த இன்ஜினியருக்கு ஆங்கிலம் வராது, எங்களுக்கு ரஷ்யன் வராது. நம்பரை வைத்தே மொத்த வேலையும் முடிந்தது. சாயங்காலம் அந்தக் கப்பல்காரர்கள் ஹை ஸ்ட்ரீட் பக்கம் போய் ஜீன்ஸும் துணியுமாக அள்ளிக்கொண்டு வருவார்கள். தனியாக ஒருவரும் போகமாட்டார். மூன்று நான்கு பேராகத்தான் போவார்கள், ஒருவர் கண் மற்றவர் மேலேயே இருக்கும்.

அவர்களில் ஒருவர், விண்வெளிக்கு முதலில் போன ககாரின் முகம் போட்ட சின்ன பேட்ஜ் ஒன்றை என் சட்டையில் குத்திவிட்டார். பட்டறை கேட்டில் காவலாளி அதைப் பார்த்துவிட்டு, “கழற்றிப் பைக்குள்ள போடு தம்பி” என்றார். கப்பலின் காசு வேண்டும், பேட்ஜ் வேண்டாம். உங்கள் கணவர் சொல்வதும் இதைத்தான் என்று நினைக்கிறேன்.

அவர் பக்கத்துச் சான்றுகளும் லேசானவை அல்ல. நம் பொருளாதாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு பிரிட்டிஷ் தளங்களை நம்பி இருந்தது. 1968 ஜனவரியில் அவர்கள் கிளம்புவதாக அறிவித்தபோது பேஸ் குடும்பங்களில் அடுப்பு எரியுமா என்ற கவலை. 1971இல் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியாவோடு ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாடு செய்துகொண்டோம். வியட்நாமில் சண்டை போட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் ஓய்வுக்கு இங்கே வந்துபோனார்கள். 1979 டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் போனதும், சோவியத் கடற்படையின் துணைக் கப்பல்களுக்கு நம் பட்டறைக் கதவு மூடப்பட்டது. மாஸ்கோ ஒலிம்பிக்ஸுக்கும் நாம் போகவில்லை.

அதற்காக அமெரிக்கா சொன்னதற்கெல்லாம் தலையாட்டினோம் என்றும் சொல்ல முடியாது. 1960இல் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் ஆள் ஒருவர் நம் உளவுப் பிரிவு அதிகாரி ஒருவரை விலைக்கு வாங்கப் பார்த்து மாட்டிக்கொண்டார். விஷயத்தை அமுக்க 33 லட்சம் டாலர் தருகிறோம் என்றார்கள். அது வேண்டாம், வளர்ச்சிக்கு உதவியாக 3 கோடியே 30 லட்சம் வெளிப்படையாகக் கொடுங்கள் என்றார் லீ குவான் யூ. 1965இல் அவர் இதைப் பகிரங்கமாகச் சொன்னார். அமெரிக்க வெளியுறவுத் துறை அப்படி ஒன்றும் நடக்கவே இல்லை என்று மறுத்தது. உடனே இவர் பெட்டியைத் திறந்து, 1961 ஏப்ரல் 15 தேதியிட்டு டீன் ரஸ்க் எழுதிய மன்னிப்புக் கடிதத்தை எடுத்து வெளியிட்டார். அமெரிக்க வெளியுறவு அமைச்சரே கையெழுத்துப் போட்ட கடிதம்! அதற்கப்புறம் மறுக்க என்ன இருக்கிறது?

ஆகவே தீர்ப்பு: மேற்கே சாய்ந்து உட்கார்ந்துகொண்டு இரண்டு பேருக்கும் கடையைத் திறந்து வைத்திருந்தோம். நடுநிலை என்று அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜெயித்தது உங்கள் கணவர்தான். மாமனாரிடம் இந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டாம்.

ரா.கு., தேக்கா: வெள்ளை மாளிகையில் சிவப்பு டெலிபோன் இருந்தது உண்மையா?

கிடையாது. கியூபாவில் சோவியத் ஏவுகணைகளை வைத்ததால் 1962 அக்டோபரில் நெருக்கடி வந்தபோது ஒருவர் அனுப்பும் செய்தி மற்றவர் கைக்குப் போய்ச் சேரவே பல மணி நேரம் ஆனது. அதனால் 1963இல் வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் நேரடித் தொடர்பு ஒன்று போட்டார்கள். அது டெலிபோன் அல்ல, எழுத்தை அச்சடித்துத் தரும் டெலிபிரிண்டர். லண்டன், கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோம், ஹெல்சிங்கி வழியாக மாஸ்கோவுக்குக் கம்பி போனது. வாயால் பேசினால் அவசரத்தில் ஒன்று கேட்க ஒன்று புரிந்துவிடும் என்ற பயம்தான் காரணம். சினிமாக்காரர்களுக்குச் சிவப்பு டெலிபோன் வசதியாகப் போயிற்று.

வாசகர், ஈசூன்: இதிலெல்லாம் தமிழர்களுக்கு என்ன பங்கு? நாம் வேடிக்கை பார்த்தவர்கள்தானே?

அப்படிச் சொல்லாதீர்கள். பெர்லின் அடைபட்ட அதே 1948 ஜூனில்தான் மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் வந்தது. ஒரு வாரத்தில் சிங்கப்பூருக்கும் வந்துவிட்டது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி தமிழ்நாட்டில் பிறந்தவர். துப்பாக்கி வைத்திருந்தார் என்பது வழக்கு. இந்திய அரசு கேட்டுப் பார்த்தும் பயனில்லை. 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கில் போட்டார்கள். அதற்கு முதல் நாள் இன்னொரு தமிழ்த் தொழிற்சங்கவாதி வீரசேனனைச் சுட்டுக் கொன்றார்கள். தோட்ட லயங்களில் இருந்த நம் மக்களுக்குக் கொரியப் போர் ரப்பர் விலையைப் பலமடங்கு ஏற்றிவிட்டது தெரியும். அந்த விலையில் கூலிக்கு எவ்வளவு வந்தது என்பது வேறு கதை, அதற்குத் தனியாக ஒரு இதழ் வேண்டும்.

எதிர்ப்பக்கத்திலும் நம்மவர்கள் இருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்த நம் வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம், 1979இல் அணிசேரா மாநாட்டுக்காக கியூபாவின் தலைநகர் ஹவானாவுக்கே போய், சோவியத் ஆதரவாளர் காஸ்ட்ரோவின் வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டு, சோவியத் ஆதரவு பெற்ற வியட்நாம் கம்போடியாவுக்குள் புகுந்ததை எதிர்த்து வாதாடினார்.

அப்புறம் எஸ்.ஆர். நாதன், பின்னாளில் சிங்கப்பூர் அதிபர். 1974 ஜனவரி 31 அன்று ஜப்பானியச் செம்படையையும் பாலஸ்தீன விடுதலைக்கான மக்கள் முன்னணியையும் சேர்ந்த நால்வர் புக்கோம் தீவில் ஷெல் எண்ணெய்த் தொட்டிகளுக்குக் குண்டு வைத்தார்கள். வியட்நாம் புரட்சிக்கு ஆதரவாம். சேதம் பெரிதில்லை. தப்பிக்க ‘லாஜு’ என்ற படகைப் பிடித்து ஆட்களைப் பிணையாக வைத்துக்கொண்டார்கள். பேச்சு நாள்கணக்கில் இழுத்தது. கடைசியில் குவைத்துக்கு அனுப்ப ஒப்புக்கொண்டபோது, வழியில் அவர்களைச் சுட மாட்டோம் என்பதற்கு உத்தரவாதமாக அதே விமானத்தில் ஏறிப் போனவர்கள் 13 சிங்கப்பூர் அதிகாரிகள். தலைமை நாதன். அப்போது தற்காப்பு அமைச்சின் உளவுப் பிரிவுத் தலைவர் அவர். தலைவர் என்றால் கீழே இருப்பவரை அனுப்பிவிட்டு அறையில் உட்கார்ந்திருக்கலாம். அவர் தானே போனார். அதிபராக இருந்த 12 ஆண்டுகளைவிட இதற்காகத்தான் எனக்கு அவர்மேல் மரியாதை அதிகம்.

மூத்த வாசகர், பிடோக்: பெர்லின் சுவர் விழுந்த அன்று இங்கே பரபரப்பாக இருந்ததா?

1989 நவம்பர் 9. தொலைக்காட்சியில் பார்த்தோம், மறுநாள் வேலைக்குப் போனோம். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றியது அதற்கடுத்த டிசம்பர் 2ஆம் தேதி. தாய்லாந்தின் ஹாட் யாய் நகரில் தலைவர் சின் பெங் கையெழுத்துப் போட்டு மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சி ஆயுதத்தைக் கீழே வைத்தது. 41 ஆண்டுச் சண்டை. மறுநாள் கோப்பிக்கடையில் அதைப் பற்றிப் பேசியவர்கள் எல்லாம் கிழவர்கள்தான்.

வாசகி, பொங்கோல்: இப்போது அமெரிக்காவும் சீனாவும் நடத்துவது மறுபடியும் பனிப்போரா?

ஒரு வித்தியாசம் சொல்கிறேன். அன்று அமெரிக்காவும் சோவியத் யூனியனும் ஒன்றிடம் ஒன்று வாங்கியது கொஞ்சம். கோதுமைதான் பேர் சொல்லும் வியாபாரம். இன்று அப்படியா? 2013 முதல் சிங்கப்பூரின் ஆகப் பெரிய வணிகப் பங்காளி சீனா. அமெரிக்கக் கடற்படையின் தளவாடப் பிரிவோ 1992இல் பிலிப்பீன்ஸின் சுபிக் தளத்தைக் காலி செய்துவிட்டு நம் செம்பவாங்குக்கு வந்தது. இதற்கு மேல் என்னிடம் ஆரூடம் கேட்காதீர்கள். தோ பாயோ வாசகர் தொட்டியில் முருங்கை வளர்ப்பது எப்படி என்று கேட்டிருக்கிறார், அடுத்த இதழில் முதல் பதில் அவருக்கு.